யார் எழுப்பினாலும்

“ஏ செல்வி, ரத்தினம் சார் ஒன் வேலைக்கு உலை வைக்கிறாரு. அது தெரியாம நீயே அடுப்பு ஊதிக்கிட்டு இருக்கே” என்றாள் டைப்பிஸ்ட் முருகலட்சுமி.

தங்கச்செல்விக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனாலும் கீபோர்டில் விரல்கள் நிற்கவில்லை. வேலை அவ்வளவு சுவாரசியமாக இருந்தது.

அருப்புக்கோட்டையில் ஒரு நூல் மில் ஆபீஸ். கரண்ட் போய் வந்தால் போதும், கம்ப்யூட்டரில் பஞ்சு இருப்பு, சம்பளம், லாரி லோடு என்று மூன்று புரோகிராம்களையும் மறுபடி எழுப்ப வேண்டும். அதற்கு ஆளுக்கொரு ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டருக்கான கட்டளை வரிகள், எழுதிவைத்துவிட்டு மூன்று பேர் வேலையை விட்டுப் போயிருந்தார்கள். பஞ்சு எழுந்திருக்க இங்கிலீஷ் எழுத்தில் ‘வா’ என்று அடிக்க வேண்டும், நிறுத்த ‘போ’. சம்பளத்துக்கு ‘ஆன்’, ‘ஆஃப்’. லோடுக்கு ஒன்று, பூஜ்யம். இதில் லோடை முதலில் எழுப்பினால் எல்லாமே படுத்துவிடும்.

இந்த வித்தை தங்கச்செல்விக்கு மட்டுமே அத்துப்படி. பரளச்சியிலிருந்து பஸ்ஸில் வரும் தன் வீட்டின் முதல் பட்டதாரியான அவளுக்கு, அதுதான் வேலைக்குக் காப்பு.

போன மாதம் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராக வந்த ரத்தினம் அதில்தான் கைவைத்தார்.

“மூணுக்கும் ஒரே பேச்சு. எழுப்ப ஸ்டார்ட், நிறுத்த ஸ்டாப், ஓடுதான்னு பாக்க ஸ்டேட்டஸ். வெளியூர்ல எல்லாம் இப்ப அப்படித்தான் எழுதுறாக. நாளைக்கு நாலாவது வந்தாலும் இதே மாதிரிதான்.”

“அப்ப யாரு வேணா எழுப்பிரலாமே சார்?”

“அதுக்குத்தாம்மா.”

பயந்துகொண்டேதான் வேலையைத் தொடங்கினாள்.

ஆனால் எழுத உட்கார்ந்தபின் பயம் பின்னால் போனது. ஒழுங்காக ஓடினால் ஸ்கிரிப்ட் பூஜ்யம் என்று பதில் சொல்ல வேண்டுமாம்.

“முட்டை வாங்குனா பாஸா சார்?”

“கம்ப்யூட்டருக்கு மட்டும். வீட்ல போய்ச் சொல்லிராத.”

தனக்கு முன்னால் எது எழுந்திருக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு ஸ்கிரிப்ட்டும் தலைப்பிலேயே சொல்ல வேண்டும் என்றார். அவள் எழுதிச் சேர்த்தாள். பஞ்சு, அதன்பின் சம்பளம், கடைசியில் லோடு. யாரும் சொல்லாமல் தாமாகவே வரிசை பிடித்து எழுந்தன. அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

முருகலட்சுமி குனிந்து மெல்லச் சொன்னாள்: “லோடை மட்டும் பழைய மாதிரியே வச்சுக்கடி. ஒனக்குத் தெரிஞ்சா போதும். யாரு பாக்கப் போறா?”

தங்கச்செல்வி யோசித்தாள். லோடு ஸ்கிரிப்ட்டைத் திறந்து, பழைய ஒன்றையும் பூஜ்யத்தையும் திரும்ப வைத்தும் பார்த்தாள். அழகாகப் போன வரிசை அந்த இடத்தில் இடறி நின்றது. மனசு கேட்கவில்லை. அவற்றை அழித்து, புதியதையே வைத்துவிட்டாள்.

சோதனை நாள். முதலாளி வந்து நின்றார். ரத்தினம் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு மறுபடி போட்டார்.

“நீ தொடாதம்மா. முருகலட்சுமி, நீங்க வாங்க.”

“நானா? எனக்குக் கடுதாசிதான் சார் அடிக்கத் தெரியும்.”

“அதே விரல்தான். வாங்க.”

முருகலட்சுமி ‘ஸ்டார்ட்’ என்று அடித்தாள். பஞ்சு எழுந்தது. சம்பளம் எழுந்தது. தங்கச்செல்வி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். லோடும் எழுந்தது.

முதலில் கைதட்டியதே தங்கச்செல்விதான். தட்டிய கை பாதியில் நின்றது. முதலாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அப்ப இந்தப் பிள்ளை இல்லாமலே மில்லு ஓடும்ங்கிறீரு?”

“ஓடும் முதலாளி.”

முருகலட்சுமி ‘சொன்னேன்ல’ என்பதுபோலப் பார்த்தாள். தங்கச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள்.

ரத்தினம் சொன்னார்: “நம்ம மல்லாங்கிணறு புது மில்லுல கம்ப்யூட்டருக்குப் பொறுப்பா யாரைப் போடலாம்னு கேட்டீக, நான் தங்கச்செல்வி பேரைச் சொன்னேன். ‘அந்தப் பிள்ளை போயிட்டா இங்க கம்ப்யூட்டரை யாரு எழுப்புவா’ன்னு சொல்லித்தானே தள்ளி வச்சீக? இப்ப ஆர்டரைப் போடுங்க. முருகலட்சுமி எழுப்பிட்டாக.”