காலி டம்ளர்

"குடிச்சு முடிச்சாச்சுல்ல? இன்னும் என்னாத்துக்கு உட்கார்ந்திருக்காங்க?"

ரெங்கம்மாள் புருஷன் காதில் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு என்று பெயர்தான். பெரம்பலூர் கடைத்தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

தேர்த் திருவிழா அன்றைக்கு. ஓட்டலுக்குள் நிற்கக்கூட இடமில்லை. சாப்பிடுகிறவர்களின் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு, அடுத்து உட்காரப் போகிறவர்கள் பின்னால் காத்திருந்தார்கள். ரெங்கம்மாளும் முத்துசாமியும் அப்படி ஓரத்து மேசையைப் பிடித்திருந்தார்கள்.

பிடித்த நேரம் சரியில்லை.

அந்த மேசையில் ஒரு தாயும் மகனும். தாய்க்கு அறுபது வயது இருக்கும். புதுச் சேலையின் மடிப்புக்கூட இன்னும் கலையவில்லை. கொண்டை நிறையக் கதம்பம். மகன் காக்கிச் சட்டை போட்ட பஸ் கண்டக்டர். தோசையைத் தின்று, இலையைத் தூக்கிப் போட்டு, கை கழுவி வந்து, தாய் மட்டும் காப்பியும் குடித்தாகிவிட்டது. மேசையில் மிச்சம் அந்த அம்மாள் குடித்த காலி டம்ளர் ஒன்றுதான். அதையே பார்த்தபடி ரெண்டு பேரும் சாவகாசமாக உட்கார்ந்திருந்தார்கள்.

ரெங்கம்மாளுக்கு வயிறு காந்தியது. காலையில் வேப்பந்தட்டையில் பஸ் ஏறும்போதே நெய் ரோஸ்ட், ஒரு கிச்சடி, நுரை தளும்ப ஒரு காப்பி என்று மனசுக்குள் முடிவு பண்ணி வைத்திருந்தாள். அடுப்படியை மறந்துவிட்டு, அடுத்தவர் சுட்ட தோசையை உட்கார்ந்து தின்பதற்கு அவளுக்கு வருஷத்தில் வாய்க்கிற ஒரே நாள் இது. தோசையையும் தின்ன வேண்டும், தேர் அசைகிறதையும் பார்க்க வேண்டும்.

வெளியே கொட்டு முழங்கியது.

"வடம் பிடிக்கப் போறாங்க போலருக்கு. வா, பார்த்துட்டு வந்து தின்னுக்கலாம்" என்றார் முத்துசாமி.

"திரும்பி வர்ற வரைக்கும் இந்த நாற்காலி நமக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா? நீங்க சும்மா இருங்க."

அவள் குனிந்து கண்டக்டரிடம் கேட்டாள்.

"தம்பி, சாப்பிட்டாச்சுன்னா எந்திரிக்கலாம்ல?"

"டம்ளரை எடுக்கட்டும்ங்க. எந்திரிச்சிடுறோம்."

"டம்ளருக்கும் நீங்க எந்திரிக்கிறதுக்கும் என்னா சம்பந்தம்?"

"இருக்குதுங்க."

"பஸ்ஸுல எங்களை மட்டும் 'எறங்கு எறங்கு'ன்னு கோழியை வெரட்டுற மாதிரி வெரட்டத் தெரியுதுல்ல?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்டக்டரும் சேர்ந்து சிரித்தான். எழுந்திருக்கத்தான் இல்லை.

அந்த அம்மாளின் கை மெல்ல டம்ளர் பக்கம் நகர்ந்தது. சட்டென்று இழுத்துக்கொண்டாள்.

"கை தன்னால போவுது பாருடா அங்கமுத்து!" என்று சிரித்துக்கொண்டே கையை மடியில் வைத்து இறுக்கிக்கொண்டாள்.

ரெங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை.

"விடுங்க, நானே எடுத்துப் போட்டுர்றேன்."

"வேணாங்க," அங்கமுத்து குறுக்கே கை வைத்தான். "கடைக்காரங்கதான் எடுக்கணும்."

"அடேயப்பா! உடையார்பாளையம் ஜமீன்லேருந்து நேரா எறங்கி வந்திருக்காங்க போலருக்கு. குடிச்ச டம்ளரைத் தொட்டா கை தேய்ஞ்சுடும்!"

கோபித்துக்கொள்வாள் என்று பார்த்தால், அந்த அம்மாளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கேட்டியாடா? ஜமீனாம்டா நாம!"

சர்வர் பெரியசாமியின் ரெண்டு கையிலும் சட்னி, சாம்பார் வாளிகள். அவனுக்கு இந்தப் பக்கம் திரும்பவே நேரமில்லை. மேசை துடைக்கிற ஆளோ தேர் பார்க்க நழுவிவிட்டான்.

ரெங்கம்மாள் கல்லாவைப் பார்த்து ஒரு சத்தம் போட்டாள்.

"ஓட்டல்காரரே! இந்த டம்ளரை எடுத்தாத்தான் இவங்க எடத்தை விடுவாங்களாம். ஆளு இல்லைன்னா நீங்களே வந்து எடுங்க. தேரு போயிடும்!"

ஓட்டல் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. முதலாளி பாலசுந்தரம் கல்லாவை விட்டு எழுந்து வந்தார். அந்த அம்மாளைப் பார்த்ததும் நின்றார்.

"ஆண்டாயி...?"

"நான்தாங்க."

அவர் பார்வை மேசையில் இருந்த டம்ளருக்குப் போனது. பிறகு, "காப்பி நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"முன்னைக்கு இப்ப சூடா இருக்குங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை எடுத்தார். சுவரோரம் இருந்த தண்ணீர் அண்டாவுக்குக் கொண்டுபோய், ஊறிக்கிடந்த டம்ளர்களோடு போட்டார். ணங்கென்று ஒரு சத்தம்.

ஆண்டாயி கழுத்தை எக்கிப் பார்த்தாள். அத்தனை டம்ளருக்கு நடுவில் அது எது என்று இனி யாருக்கும் தெரியாது.

அப்புறம்தான் எழுந்தாள். முகமெல்லாம் பல்லாக, நாற்காலியை முந்தானையால் ஒரு தட்டுத் தட்டி ரெங்கம்மாள் பக்கம் நகர்த்தினாள்.

"உட்காரு தங்கச்சி."

ரெங்கம்மாள் உட்கார்ந்தாள். வாய் மட்டும் அடங்கவில்லை.

"ஒரு டம்ளருக்கா இம்புட்டு ஆர்ப்பாட்டம்?"

"ஆமா தங்கச்சி. பச்சைமலை வெறகைச் சொமந்தாந்து இந்தக் கடைப் பின்வாசல்ல போட்டே என் உச்சந்தலை வழுக்கையாச்சு. அங்க எனக்குன்னு தனியா ஒரு டம்ளரு. குடிச்சிட்டு நானே கழுவிக் கவுத்துட்டுப் போவணும், வேற யாரும் தொட மாட்டாங்க. இன்னைக்குத்தான் முன்வாசல் வழியா வந்தேன். நான் குடிச்ச டம்ளரு ஊரு குடிச்ச டம்ளரோட ஒண்ணாப் போயி விழறதை, இந்தக் கண்ணால பார்த்துட்டுப் போவ வேணாமா?"