துண்டுக்கு அடியில்

"என் தம்பி என்ன சந்தைக்கு வந்த மாடா? ஊரே பூசைக்குப் போற வழியில, மாமரத்தடியில உட்கார வெச்சு மானத்தை வாங்குறீங்களே?"

நான்தான் கத்தினேன். ஞாயிறு காலை, காவல் நிலைய வாசலில்.

முந்தின நாள் பந்தாட்டத்தில் நடுவரின் பல்லை உடைத்தவன் என் தம்பி சிரியாக்கோ. இல்லையென்று சொல்லவில்லை. பிடித்தால் உள்ளே போட வேண்டியதுதானே? சார்ஜெண்ட் ஓர்த்தெகா அவனைப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, இருவர் மடியிலும் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு, பச்சிலைத் தூளில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய தெரெரேயை உறிஞ்சிக்கொண்டிருந்தார். ஒரே குவளை, ஒரே குழல். வெயில் காலத்தில் பராகுவேக்காரர்கள் வேறென்ன செய்வோம்?

கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள் நான். சுவரில் ஒட்டியிருந்த சட்டத்தை அவருக்கே வாசித்துக் காட்டினேன். காவலில் இருப்பவரை ஊரார் வேடிக்கை பார்க்க வைக்கக் கூடாதாம். அங்கேயே காகிதம் வாங்கி, மேலதிகாரிக்குப் புகார் எழுதி நீட்டினேன். மனுஷன் எழுந்திருக்கக்கூட இல்லை. இடது கையால் வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"அதுக்கு மேல் வரியையும் படிங்கம்மா."

ஆளுக்கு இவ்வளவு இடம், காற்றுக்கு ஜன்னல், குடிக்கத் தண்ணீர்.

"இப்ப உள்ளே போய் எட்டிப் பாருங்க."

இரண்டு பேருக்கான அறையில் ஆறு பேர். ஜன்னலை எந்தக் காலத்திலோ செங்கல் வைத்து அடைத்திருந்தார்கள். ஜனவரிதான் எங்களுக்கு உச்சக் கோடை; அந்த வெக்கையில், கம்பிக்கதவுக்கு வெளியே ஒரு நிமிஷம் நின்றதற்கே எனக்கு மூச்சு முட்டியது. சிரியாக்கோவுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு.

"நீதிபதி நாளைக்குத்தான் வருவார்," என்றார் சார்ஜெண்ட். "அதுவரைக்கும் அங்கே இவன் தாங்க மாட்டான். ஜன்னலைத் திறந்து விடச் சொல்லி மேலே நாலு தடவை எழுதியாச்சு."

அப்போதும் என் வாய் அடங்கவில்லை. கொல்லைப்பக்கம் உட்காரவைத்திருக்கலாமே என்றேன். அங்கே நிழல் ஏது அக்கா என்றான் தம்பி.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பெத்ரோனிலா முன்னால் வந்தாள்.

"என்னது, உன் தம்பியைப் பிடிச்சு வெச்சிருக்காங்களா? கோயிலுக்குப் போறப்ப பார்த்தேன். சார்ஜெண்டும் சிநேகிதனும் சேர்ந்து தெரெரே குடிக்கிறாங்கன்னுல்ல நெனச்சேன். நீ கத்தித்தான் தெரியுது."

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். சார்ஜெண்ட் அவசரமாகத் துண்டை இழுத்துவிட்டார். அது நழுவி விழுந்தது.

அடியில் கைவிலங்கு. ஒரு வளையம் தம்பியின் இடது கையில். இன்னொன்று சார்ஜெண்டின் வலது கையில். விடிகாலையிலிருந்து அப்படித்தானாம்.

குனிந்து துண்டை எடுத்து நானே போர்த்திவிட்டேன். சார்ஜெண்ட் குவளையை நிரப்பி என்னிடம் நீட்டினார். குடித்துவிட்டு நன்றி சொன்னால், போதும், இனி வேண்டாம் என்று அர்த்தம் எங்கள் ஊரில். அதனால் அதைச் சொல்லாமல் குவளையை மட்டும் திருப்பிக் கொடுத்தேன்.

"சார்ஜெண்ட், அந்தப் புகாரைக் கொடுத்துடுங்களேன். ஜன்னலைப் பத்தி வேற எழுதித் தர்றேன்."