ஜன்னலோர சீட்டு

"ஜன்னலோர சீட்டு மெஷினுக்கு" என்றார் பெல்லிங். "சரக்கோட சரக்கா அதைப் போட்டு அனுப்ப மாட்டேன். பக்கத்துல நானே உக்காந்து பெல்ட் மாட்டி விடப்போறேன்."

பெல்லிங் லண்டன் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர். நியூயார்க் விமான டிக்கெட் நான்கையும் மேஜையில் வரிசையாக வைத்தார். கீத்துக்கு ஒன்று, இயனுக்கு ஒன்று, தனக்கு ஒன்று, தானாகத் தாளம் போடும் டிரம் மெஷினுக்கு ஒன்று.

'கோல்ட் ஃபோர்க்ஸ்' குழுவில் மூன்று பேர். பாடுகிற கீத், சிந்தசைசர் வாசிக்கிற இயன், மேடையில் டிரம்ஸ் அடிக்கிற கிளெனிஸ். கிளெனிஸ் தன் டிக்கெட் எங்கே என்று கேட்கவில்லை. எழுந்து போய்க் கெட்டிலைப் போட்டாள்.

அந்த நாளில் ஷெஃபீல்டில் கெட்டில் வாங்கினால் பிளக் இல்லாமல்தான் வரும்; அதை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். இந்தக் கெட்டிலின் வெள்ளை வயர் முனையில், வேறெதிலிருந்தோ கழற்றி மாட்டிய கறுப்பு பிளக் இருந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. ஜூன்ல நீங்களே இந்த ரூம்ல பதிவு பண்ணித் தபால்ல அனுப்பின மொத ஆல்பம். நவம்பர்ல விற்பனைப் பட்டியல்ல ஏழாவது இடம்! எதனால? அந்தத் தாளத்தால." பெல்லிங் பத்திரிகையை விரித்தார். "'மனிதக் கை படாத தாளம். இதயமே இல்லாத அழகு.' இதயமே இல்லையாம்! இதுக்கு மேல ஒருத்தன் எப்படிப் பாராட்டுவான்?"

மெஷின் இசையைக் கொண்டாடும் நியூ வேவ்காரர்களுக்கு அது பெரிய பாராட்டுத்தான். 'எல்லாம் மெஷின்தான்' என்று பேட்டி கொடுத்ததே கீத்தான். இப்போது அவன் தன் ஷூ நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அமெரிக்காக்காரன் அந்த மெஷினைப் பாக்கத்தான் வரப்போறான். நடுவுல நீ எதுக்கு உக்காந்து வேர்த்துக்கிட்டு?"

கிளெனிஸ் இந்தப் பயணத்தை நம்பித்தான் போன வெள்ளிக்கிழமை கரண்டித் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தாள். ஃபோர்மனிடம் அவள் சொல்லிவிட்டு வந்த வார்த்தைகளுக்கு, இனி அந்தப் பக்கம் தலைகாட்ட முடியாது.

"கீத், நீ ஒண்ணும் சொல்லலையாடா?"

"கம்பெனி முடிவு, கிளென். நான் என்ன பண்ண?"

"இயன்?"

இயன் பிஸ்கட் டப்பாவுக்குள் எதையோ தேடினான்.

"ரெண்டு பேருக்கும் வாயில என்ன, கொழுக்கட்டையா?"

பெல்லிங் விலகல் கடிதத்தை நீட்டினார். பேனா மூடியையும் அவரே கழற்றிக் கொடுத்தார்.

"கையெழுத்துதானே, போடறேன் சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவை அதை ஓட விடுங்க. என்னைவிட அது எவ்வளவு ஒசத்தின்னு நானும் தெரிஞ்சுக்கறேன்."

கீத்துக்குத் திடீரென்று இருமல் வந்தது. "இப்ப வேணாமே சார். மழை வேற பெய்யுது..."

பெல்லிங் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூலையிலிருந்த மெஷினைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கி மேஜையில் வைத்தார். வயரைப் பிடித்துக்கொண்டே போனார். முனையில் வெறும் செப்புக் கம்பிகள்தான் நீட்டிக்கொண்டிருந்தன.

"பிளக் எங்கே?"

"கெட்டில்ல" என்றாள் கிளெனிஸ். "ஏப்ரல்லேர்ந்து அங்கேதான் இருக்கு."

கெட்டில் கொதித்துத் தானாக அணைந்தது. பெல்லிங் ஏப்ரல், மே, ஜூன் என்று விரல் விட்டு எண்ணினார். மறுபடியும் ஒருமுறை எண்ணினார். கீத் இருமலை நிறுத்திவிட்டான்.

"அப்போ... ஆல்பத்துல அடிச்சது?"

கிளெனிஸ் பேனாவை மூடி, அவருடைய சட்டைப் பையிலேயே சொருகினாள்.

"ஜன்னலோர சீட்டு எனக்கு, சார்."