கரும்பலகையில் ஒரு புகைபோக்கி

ஆலை பாய்லருக்குக் கரி அள்ளிப்போட்டுவிட்டு, மகளைக் கூட்டிப்போக நேரே பள்ளிக்கூடத்துக்கு வந்து வகுப்பு ஜன்னலோரம் நிற்கிறேன். சாய்ந்த வெயிலில் சாக்பீஸ் தூள் மிதக்கிறது. கரும்பலகையில் உள்ளதை எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்: 'பூமியைச் சூடாக்குபவை'. கீழே லாரி, விமானம், எரிகிற குப்பை என்று பிள்ளைகள் வரைந்து வைத்திருக்கிறார்கள். "எதையெல்லாம் நிறுத்தணுமோ, ஒவ்வொருத்தரா வந்து அழிங்க" என்கிறார் டீச்சர். ஒரே கும்மாளம். கடைசியில் மிச்சம் இருப்பது ஒரு ஆலைப் புகைபோக்கி. முறை என் மகளுடையது. "ஏய், அது உங்கப்பா ஊதுற பீடிடி!" என்று பின்பெஞ்சிலிருந்து ஒருத்தி கத்த, வகுப்பே கொல்லென்று சிரிக்கிறது. எனக்கும் சிரிப்பு வருகிறது; மகளுக்கு வரவில்லை. டஸ்டரை எடுத்துப் புகையை மட்டும் ஒரு சுருள் விடாமல் துடைக்கிறாள். அப்புறம் கை நின்றுவிடுகிறது. "முழுசா அழிம்மா." "அதுக்குக் கீழதான் எங்கப்பா நிக்கிறாரு, டீச்சர்." டீச்சர் சொல்வதில் பொய் இல்லை. பாய்லர் முன்னால் நிற்கிற எனக்குத் தெரியாத சூடா? மகளின் கண் ஜன்னல் பக்கம் திரும்புகிறது. கரி அப்பிய கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அவள் அழிக்கட்டும் என்று சுவரோரம் மறைந்து நிற்கிறேன். டஸ்டர் உரசும் சத்தம் இன்னும் வரவில்லை.