எவ்வளவு இலை

சண்டையால் ஊருக்கு வரும் பாதை அடைபட்டு நாற்பத்தோராம் நாள், கூடார மருத்துவமனையில் சத்துமாவும் தீர்ந்துபோயிருந்தது. மங்களேஸ்வரி தன் இரண்டு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு, வேலியில் படர்ந்திருந்த முசுட்டைக் கொடியின் இலையை ஒரு பை நிறையப் பறித்துக்கொண்டு வந்தாள்.

"இதை அவிச்சுக் குடுத்தால் பிள்ளை தேறுவாளே மிஸ்? ஒரு நாளைக்கு எவ்வளவு குடுக்கவேணும்?"

தாதி சுகிர்தமலர் பழைய மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். நூறு கிராம் இலையில் முப்பது கலோரி. பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஆயிரமாவது வேண்டும். விடை மூன்று கிலோவைத் தாண்டியது. சற்று முன் தராசில் கிடத்தியபோது பிள்ளையே ஐந்தரை கிலோதான் இருந்தாள். மறுபடியும் போட்டுப் பார்த்தாள். எண் மாறவில்லை.

பிள்ளை தாயின் தோளில் கண்ணை மூடிக் கிடந்தாள். சுகிர்தமலர் சீட்டைக் கசக்கி உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"ஒரு கோப்பை குடுங்கோ அக்கா. அதுவே காணும்."

மங்களேஸ்வரியின் முகம் தெளிந்தது. பையைத் திறந்து இலைகளைக் கையால் அளைந்து பார்த்தாள்.

"அவளுக்கு ஒரு கோப்பை காணுமெண்டால், மிச்சத்தை மூத்தவனுக்குக் குடுக்கலாம் என்ன மிஸ்?"

சுகிர்தமலர் ஓமென்று தலையை ஆட்டினாள்.