‘ப’வில் ஒரு கூடு

பங்குனி ஐந்து, காலை ஆறு மணி. அம்பலவாணர் என்ற துணிக்கடையின் பெயர்ப்பலகையில் ஏழு கனத்த தகர எழுத்துகள் துருத்தி நின்றன. செம்பி என்ற பெண்குருவிக்கு உடனே கூடு வேண்டும், முட்டை காத்திருக்காது.

அதன் கணவனுக்கு ‘ண’ பிடித்துவிட்டது. “அந்த வளைவைப் பாரேன்! எவன் வரைஞ்சானோ!”

ஆனால் அதன்மேல் வைத்த வைக்கோலெல்லாம் வழுக்கித் தெருவில் விழுந்தது.

“நான் ‘ப’வுக்குப் போறேன். அடியில தரை, ரெண்டு பக்கமும் சுவர்” என்றது செம்பி.

“அதுல என்ன அழகு? மூணே கோடு. சொந்தக்காரங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். முட்டை போடறது நான்தானே, ரசிகரே?”

செம்பி தனியாகவே கட்டி முடித்தது.

பங்குனி இருபத்துமூன்றாம் தேதி குஞ்சுகள் பொரிந்தன. பார்க்க வந்த உறவுக்காரர்களிடம், ‘ப’வைத் தேடிக் கண்டுபிடித்தது தான்தான் என்று ஆண்குருவி சொன்னது.