பாதிக் கல்லீரல்

தங்கைக்குத் தன் கல்லீரலில் பாதியைக் கொடுக்க அக்கா வந்திருந்தாள். தங்கைக்கு நோயை ஒட்டவைத்தவன் என்று நினைத்து, அவள் கணவனிடம் அவள் முகம்கொடுத்துப் பேசி ஒரு வருடமாகிறது.

"உங்க கல்லீரல் ஆகாதும்மா," என்றார் டாக்டர். "உங்க தங்கச்சி கல்லீரலைக் கெடுத்த ஹெபடைடிஸ் பி கிருமி உங்க ரத்தத்திலயும் இருக்கு. பல வருஷமா இருந்திருக்கு."

"அவ புருஷனுக்கு?"

"இல்ல. அவர் தடுப்பூசி போட்டவர். சின்ன வயசுல உங்க ரெண்டு பேருக்கும் ஒரே ஊசி ஏதாவது பட்டுச்சா?"

"காது குத்தினாங்க. அவ பயந்து அழுதா. வலிக்காதுன்னு காட்ட நான் முதல்ல குத்திக்கிட்டேன். அந்த ஊசியத் துடைச்சு அவளுக்குக் குத்தினாங்க."

"துடைச்சா போகாதும்மா. உங்களுக்கு அப்பவே இருந்திருந்தா, கண்ணுக்குத் தெரியாத ரத்தமே போதும். ஆளுக்கொரு புது ஊசி வேணும்."

அவள் வெளியே வந்ததும் தங்கையின் கணவன் எழுந்து நின்றான். "எப்பக்கா ஆபரேஷன்?"

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவளுக்கு நோயக் கொடுத்தது நீ இல்லப்பா," என்றாள். "நான்தான்."